நம்ம ஊர்ப் பேய்க்கு ஒரு ஞாயம் உண்டு

வாசகர் கேள்வி:

அண்ணன், எனக்குத் தங்கச்சிமடம். மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு ராத்திரி தம்பியும் அவன் கூட்டாளிகளும் 'ட்ரெய்ன் டு பூசான்' என்ற கொரியப் படத்தைத் தமிழ்க் குரலோடு வீட்டு டிவியில் போட்டார்கள். ஓடுகிற ரயிலுக்குள் ஜோம்பிகள், அதாவது செத்து எழுந்து மனிதரைக் கடிக்கிறவர்கள், புகுந்துவிடுகிற கதை. கடைசியில் ஐந்து பையன்களும் மூக்கை உறிஞ்சுகிறார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. அந்த ஜோம்பிகள் முண்டியடித்து வருவதைப் பார்த்தால் ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன். "உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்று தம்பி இன்னும் கேலி செய்கிறான்.

இருட்டில் அதுகளுக்குக் கண் தெரியாதென்றால் ராத்திரி வரை ஒளிந்து கிடந்தால் போதாதா? அப்புறம், கடலில் ஒரு படகு தத்தளித்தால் வலையை விட்டுவிட்டு ஓடுகிற ஊர் எங்களுடையது. அந்த ரயிலில் உயிரோடு தப்பி வந்தவர்களையே உள்ளே விடாமல் கதவை அடைத்துப் பிடிக்கிறார்கள். நம்பவே முடியவில்லை. எனக்குப் பயமே வராது என்றும் இல்லை. 64 தனுஷ்கோடிப் புயலில் போன ரயிலைப் பற்றி எங்கள் அப்பத்தா சொன்னால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அந்த ரயிலில் ஏற வேண்டிய அப்பத்தாவின் அண்ணன், பாம்பன் ஸ்டேஷன் வரை போய்விட்டு ஏறாமல் திரும்பிவிட்டாராம். படத்தைத்தான் அளவுக்கு மீறித் தூக்கி வைத்திருக்கிறார்களா, இல்லை எனக்குத்தான் ரசனை இல்லையா?

பதில்:

தங்கச்சி, முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. படம் பார்த்து அழாதவருக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்றால், இருபத்திரண்டு வருடமாகப் படத்தொகுப்பு செய்கிற என் நெஞ்சு வாலிநோக்கம் உப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்க வேண்டும். ஒரு சாவுக் காட்சியை நாற்பது தடவை ஓட்டிப் பார்த்து, நாற்பத்தோராவது தடவை "இங்கே ஆறு ஃப்ரேம் அதிகம்" என்று வெட்டுகிற வேலை எங்களுடையது. இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கண் கலங்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கை மயிர் குத்திட்டு நின்றது. அது எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: படம் நல்ல படம்தான், ஆனால் பேர் படத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அந்தப் பேர் எங்கே பிறந்தது என்று பார்த்தால் உங்கள் சிரிப்புக்குப் பாதிக் காரணம் கிடைத்துவிடும்.

2016 மே மாதம் கான் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்ட படம் இது. ஜூலையில் தென்கொரியாவில் வெளியானது. சுமார் ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் 1 கோடியே 10 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. இயக்குநர் யோன் சாங்-ஹோ அதுவரை அனிமேஷன் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். நடிகர்களை வைத்து எடுத்த முதல் படமே இதுதான். சரி, ஊரே ஏன் விழுந்தடித்துக்கொண்டு போனது? அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2014 ஏப்ரல் 16 அன்று, சேவோல் என்ற பயணிகள் கப்பல் அங்கே கடலில் கவிழ்ந்தது. 304 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலாவுக்குக் கிளம்பிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது "இருக்கிற இடத்திலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிள்ளைகள் சொன்னபடி இருந்தார்கள். கேப்டன் முதல் ஆட்களில் ஒருவராகக் கரையேறிவிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ரயில் டிவியில் ஒரு அதிகாரி வந்து "எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது" என்கிறார். பெட்டிக்குள் பள்ளிக்கூட பேஸ்பால் பையன்கள் இருக்கிறார்கள். ரயில் ஓட்டுநர் கடைசி வரை பயணிகளை விட்டுவிட்டு ஓடவில்லை. கீழே கிடக்கிற ஒருவனைத் தூக்கிவிடப் போய்த்தான் உயிரை விடுகிறார். ஓடிப்போன கேப்டனைப் பார்த்த ஜனம் அந்த ஓட்டுநரைப் பார்த்தால் வேறு மாதிரிதான் அழும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அப்பத்தா பாம்பன் ரயிலைப் பற்றிச் சொல்லும்போது உங்களுக்கு வருகிற சிலிர்ப்பு மாதிரி ஒன்று அது. அந்தக் கப்பல் தெரியாமல் தங்கச்சிமடத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது ஓடுகிற ரயிலும் கடிக்கிற ஆளும்தான். நாடு நாடாகப் பேர் பரவும்போது டிக்கெட் கணக்கு பரவியது, "அழுதேன்" என்ற பேச்சு பரவியது; கப்பல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

இனி பயம். இதில்தான் உங்களோடு நிறையப் பேச வேண்டும்.

நான் உச்சிப்புளிப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஊரில் மூன்று பேய் இருந்தன. மூன்றுக்கும் பேர் உண்டு, வயது உண்டு, எந்தப் பனைமரத்தடி என்று விலாசம் உண்டு. அதைவிட முக்கியம், மூன்றுக்கும் ஒரு ஞாயம் உண்டு. ஒருத்தி மாமியார் வீட்டுக் கொடுமை தாங்காமல் கிணற்றில் விழுந்தவள். ஒருவன் பங்காளி சொத்துத் தகராறில் போனவன். அந்தப் பேய் யாரைப் பிடிக்கும், யாரை விட்டுவிடும் என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊருக்குத்தான் அந்தக் குற்றமும் தெரியும். நம்ம பேய்க்குப் பயப்படுகிறவன் பாதி நேரம் தன் மனசாட்சிக்குத்தான் பயப்படுகிறான். வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிணத்துக்குள் புகுந்த ஆவிதான். ஆனால் அது முதுகில் தொங்கிக்கொண்டு கதை சொல்லும், முடிவில் கேள்வி வேறு கேட்கும். கூட்டமாக, பசியோடு, பிணம் தின்கிற பேய்கள் கலிங்கத்துப்பரணியில் இருக்கின்றன. அவைகூடக் காளியிடம் போய்ப் பசிக்கிறது என்று முறையிடுகின்றன. 'பேய் முறைப்பாடு' என்று அதற்குத் தனிப் பகுதியே உண்டு. மனுக் கொடுக்கத் தெரிந்த பேய்!

ஜோம்பிக்கு மனு இல்லை. பேர் இல்லை, கோபம் இல்லை, யார் மேலும் வன்மம் இல்லை. அந்தச் சொல் நமக்கு ஹைதியிலிருந்து சினிமா வழியாக வந்தது. கரும்புத் தோட்டத்தில் அடிமையாக உழைத்துச் செத்தவர்களின் தீவு அது. செத்த பிறகும் எவனோ எழுப்பி வேலை வாங்குவான், சாவிலும் விடுதலை இல்லை என்பதுதான் அங்கே அதன் முதல் பயம். அதில் ஒரு ஞாயம் இருந்தது. பிறகு 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ அமெரிக்காவில் சொற்பப் பணத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். மந்திரவாதியை எடுத்துவிட்டு, செத்தவர்கள் தாங்களாகவே எழுந்து மனிதரைத் தின்பதாக மாற்றினார். அந்தப் படத்தில் யாரும் 'ஜோம்பி' என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை. இன்னொரு வேடிக்கை, கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றும்போது விநியோகஸ்தர்கள் உரிமை வாசகத்தை விட்டுவிட்டார்கள். அதனால் படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம், அந்த விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கடித்தால் தொற்றும், தலையில் அடித்தால்தான் சாகும் என்று இன்றைக்கு உங்கள் தம்பி ஒப்பிக்கிற சட்டமெல்லாம் அப்படி ஊர் சுற்றி வந்தவை. தமிழில் 2016-இல் முதல் ஜோம்பி படம் எடுத்தபோது அதற்கு ஒரு பேரே நம்மிடம் இல்லை. 'மிருதன்' என்று புதிதாகச் செய்து வைத்தார்கள்.

ஆகவே, ஞாயம் இல்லாத பேயைப் பார்த்து உங்களுக்குப் பயம் வராததில் எந்தக் குறையும் இல்லை. அக்னி தீர்த்தக் கூட்டம் ஞாபகம் வந்ததும் சரியான வாசிப்புதான். முகமில்லாத கூட்டம் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த உடம்பு முறுக்கல். கழுத்து ஒடிந்து, இடுப்பு பின்னால் வளைந்து, விரல் கோணி எழுவார்கள் இல்லையா, அதற்கென்று நடன ஆசிரியர்களை வைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உழைப்பு அபாரம். ஆனால் சின்ன வயதில் அம்மாவோடு ஏர்வாடி தர்காவுக்குப் போய் ராத்திரி தங்கியிருக்கிறேன். உடம்பை முறுக்கிக்கொண்டு அலறுகிறவர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவன். பக்கத்திலேயே அவர்களுடைய அம்மாவோ புருஷனோ தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு இருப்பார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு, முறுக்கிக்கொள்ளும் உடம்பு பூச்சாண்டி ஆகாது. யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் மனம் போகும். படம் என்னைப் பயப்படச் சொன்ன இடத்திலெல்லாம் நான் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, இவ்வளவும் உங்கள் பக்கம். இனி படத்தின் பக்கம் நின்றும் கொஞ்சம் பேச வேண்டும், இல்லாவிட்டால் தொழில் தர்மம் ஆகாது.

நீங்கள் பார்த்தது அந்தப் படத்தின் முக்கால்வாசிதான். பென்டிரைவ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் புது எல்இடி டிவிகள் பலவற்றில் அசைவை மெழுகுவதற்கென்று ஒரு அமைப்பு உண்டு. சினிமா என்பது வினாடிக்கு 24 படம். அந்த அமைப்பு ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் நடுவே தானாக ஒன்றிரண்டைக் கற்பனை செய்து சொருகும். கிரிக்கெட்டுக்கு நன்றாக இருக்கும். சினிமாவுக்குப் போட்டால் எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரியும். வெட்டி வெட்டி இழுக்க வேண்டிய ஜோம்பி ஓட்டம் பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டம் மாதிரி ஆகிவிடும். டிவியின் படத்துக்கான செட்டிங்ஸில் போய் அதை அணைக்கச் சொல்லுங்கள்.

சத்தத்தில் நஷ்டம் இன்னும் அதிகம். எலும்பு ஒடிகிற சத்தத்தை யாரும் எலும்பை ஒடித்து எடுப்பதில்லை. வெளிநாட்டில் செலரித் தண்டை முறுக்குவார்கள். நாங்கள் ஒரு பேய்ப் படத்துக்கு முட்டைக்கோஸும் காய்ந்த பனைமட்டையும் வைத்துச் சமாளித்தோம். மட்டையை ஈரத் துணியில் சுற்றி ஒடித்தால் தோளெலும்பு, துணி இல்லாமல் ஒடித்தால் விரல். தியேட்டரில் அது முதுகுத்தண்டில் இறங்கும். டிவி ஸ்பீக்கரில், ஐந்து பையன்கள் கடலை கொறிக்கிற சத்தத்துக்கு நடுவே, அதுவும் கடலை மாதிரிதான் கேட்டிருக்கும்.

அப்புறம் தமிழ்க் குரல். அதில் நடந்த ஒரு அநியாயம் உங்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் குழந்தை கொரிய மொழியில் தன் தகப்பனைக் கூப்பிடுவதே 'அப்பா' என்றுதான். நம்ம சொல்லேதான், உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதுவே. மொழிமாற்றமே தேவைப்படாத ஒரே சொல், அதுவும் படத்தின் உயிரான சொல்! அந்தக் குழந்தையின் தொண்டையிலிருந்து வந்த 'அப்பா'வை எடுத்துவிட்டு, ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேறொருவர் சொன்ன 'அப்பா'வை ஒட்டியிருக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் கொரிய மொழியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இருட்டு விஷயத்தில் நீங்கள் கேட்டது பாதி சரி. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் அதுகளுக்குக் கண் தெரியாமல் போகிறது. ஆனால் காது கேட்கும். ராத்திரி முழுக்க மூச்சுவிடாமல் எவன் உட்காருவான்? இருந்தாலும் அந்த விதியை இயக்குநர் தனக்கு வேண்டிய சுரங்கத்தில் மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இடத்தில் மறந்துவிடுகிறார் என்பது உண்மை. இதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

கதவு விஷயத்தில்தான் உங்களோடு சண்டை போடப் போகிறேன். நம்ம கரையில் படகு தத்தளித்தால் வலையை விட்டுவிட்டுப் போவார்கள் என்பது சத்தியம். அது கடல். கடலில் எதிரி காற்றும் அலையும்தான். காப்பாற்றப் போகிறவனுக்குக் காப்பாற்றப்படுகிறவனிடமிருந்து ஆபத்து இல்லை. தொற்று வேறு. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் நான் சென்னையிலிருந்து எப்படியோ பாஸ் வாங்கி ஊருக்கு வந்தேன். ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நின்றவன் என்னோடு ஏழாம் வகுப்பு வரை படித்தவன். "மாப்ள, கோவிச்சுக்காத, திரும்பிப் போயிரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அழாத குறையாகத்தான் சொன்னான். முள்ளை மட்டும் எடுக்கவில்லை. நான் பள்ளிக்கூட வராந்தாவில் பதினான்கு நாள் கிடந்தேன். சாப்பாட்டை முள்ளுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே அந்த ரயில் பெட்டிக்காரர்களை நம்ப முடியவில்லை என்று சொல்லாதீர்கள், தங்கச்சி. படத்தில் மிகச் சரியாகக் கணித்திருப்பது அதைத்தான்.

கை மயிர் குத்திட்டு நின்ற இடம் என்று சொன்னேனே, அதுவும் அந்தக் கதவுதான். இரண்டு வயதான சகோதரிகள் ரயிலில் வருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தி கதவுக்கு இந்தப் பக்கம், தப்பி வந்தவர்களை விரட்டிவிட்ட புண்ணியவான்களோடு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் அந்தப் பக்கம், கண்ணாடியில் முகம் அழுந்த, செத்து எழுந்து நிற்கிறாள். கிழவி அந்த முகத்தைப் பார்க்கிறாள். திரும்பிப் பெட்டியில் இருக்கிற ஆட்களைப் பார்க்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு காட்சியில் மட்டும் ஜோம்பிக்குப் பேர் வந்துவிடுகிறது, உறவு வந்துவிடுகிறது, ஒரு வழக்கும் வந்துவிடுகிறது. நம்ம கிணற்றடிப் பேய் மாதிரி அது யாரிடம் கணக்குத் தீர்க்க வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. தம்பி மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் இந்த இடத்தைத் தவறவிட்டிருந்தால் திரும்பப் பாருங்கள்.

இனி, உண்மையிலேயே தூக்கி வைத்ததுதான் என்று நான் நினைக்கிற பகுதி. கடைசி அரைமணி. அந்தக் கோட்டுப் போட்ட வில்லன் ஒருத்தரைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கிறான், நம்புகிறேன். இரண்டாவது ஆள், அதையும் நம்புகிறேன். அப்புறமும் ஆள் மாற்றி ஆள் தள்ளிக்கொண்டே போகிறான். அதற்கு மேல் அவன் மனிதன் இல்லை, கதாசிரியருக்குக் கொலை செய்து கொடுக்கிற கூலியாள். தகப்பன் சாகிற காட்சியைப் பாருங்கள். (இதுவரை படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) ரயிலின் பின்பக்கம் நிற்கிறான். மகள் பிறந்த அன்று கையில் வாங்கியது நினைவுக்கு வருகிறது. வெள்ளை வெளிச்சம், குழந்தையின் முகம், உருக்கமான இசை. பிறகு அவன் விழுவதைக் காட்டாமல் தரையில் ஓடுகிற அவன் நிழல் மட்டும் ரயிலைவிட்டு விலகி விழுவதைக் காட்டுகிறார்கள். அந்த நிழல் ஷாட் அற்புதம். அதைப் பிடித்த ஆளுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அந்த நிழலை நம்பாமல், அதற்கு முன்னால் குழந்தையைக் காட்டி "இப்போது அழுங்கள்" என்று கையேந்துகிறார்கள். என் மேசைக்கு வந்திருந்தால் குழந்தையை எடுத்துவிட்டு நிழலை மட்டும் வைத்திருப்பேன். தயாரிப்பாளர் என்னை வேலையைவிட்டு எடுத்திருப்பார், ஒரு கோடி டிக்கெட்டும் விற்றிருக்காது, அது வேறு விஷயம். உங்களுக்கு அழுகை வராததற்குக் காரணம் இந்தக் கையேந்தல்தான் என்பது என் சந்தேகம். கேட்டு வாங்குகிறவரிடம் சிலருக்குக் கை இறுகிவிடும்.

தம்பியைக் கேலி செய்ய வேண்டாம். அவன் அழுதது பொய் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு. அந்தப் படம் அப்படிக் கூட்டத்தோடு பார்ப்பதற்கென்றே செய்தது. நீங்கள் நடுவில் எத்தனை தடவை அடுப்படிக்கு எழுந்து போனீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஐந்து பையன்களுக்கும் டீ போட்டது யார்?

ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் அப்பத்தா சொன்ன அந்த ரயில், 653 பாசஞ்சர், அதன் கதையை நானும் என் பாட்டி வாயால் கேட்டவன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஊர் நெருங்கும்போது சிக்னல் விழவில்லை, டிரைவர் நீளமாக விசில் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக நகர்த்தினாராம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், யாரும் மிஞ்சவில்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. ஆனால் உங்கள் அப்பத்தாவின் அண்ணன் ஸ்டேஷன் வரை போனார், ஏறவில்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் எடுத்தாரா? கையில் காசு இல்லையா? யாராவது கூப்பிட்டார்களா, இல்லை மழையைப் பார்த்துத் தானாகவே திரும்பினாரா? அப்பத்தாவிடம் கேட்டு எழுதுங்கள்.